சிரிப்புக்கும் தீரத்துக்கும் ஒரு ரசிகரின் தராசு



திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோரில் இரு வகையினர் உண்டு. கலை நுணுக்கம் அறிந்து, படப்பிடிப்பும் படத்தொகுப்பும் பற்றி ஆராய்ந்து எழுதும் விமரிசகர்கள் ஒரு வகை. உழைத்துச் சேர்த்த காசில் ஒரு சீட்டு வாங்கி, மனைவி மக்களுடன் மூன்று மணி நேரம் அமர்ந்து பார்த்து, வீடு திரும்பும் வழியிலேயே தீர்ப்பைக் கூறிவிடும் பொது ரசிகர்கள் மற்றொரு வகை. முன்னவரின் கருத்து பத்திரிகையில் அச்சேறும். பின்னவரின் கருத்து தேநீர்க் கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் காற்றோடு போய்விடும். ஆயினும் ஒரு படம் ஓடுவதும் ஓடாமற் போவதும் இந்தப் பின்னவரின் சொல்லைப் பொறுத்தே அமைகிறது. அவருடைய சொல்லுக்குள் ஓர் அளவுகோல் உண்டா? உண்டெனின் அது யாது? இன்றைய பேச்சு அதனை ஆராய்வது. எல்லாப் படங்களையும் எடுத்துக்கொள்ள நேரம் போதாது. ஆதலால், நகைச்சுவைப் படங்கள், குடும்பத்துடன் பார்க்கத்தக்க வீரசாகசப் படங்கள் என்னும் இரண்டு மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பொது ரசிகர் என்று பொதுவாகச் சொன்னால் உருவம் தோன்றாது. அவருக்கு ஓர் ஊர் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கிண்ணியாவை அடுத்து, களப்பு நீரின் ஓரத்தில் அமைந்தது குறிஞ்சாக்கேணி. மீன்பிடியும் நெல் வயலும் மாடு வளர்ப்பும் அப்பகுதி மக்களின் சீவனோபாயம். அவ்வூர்க்காரர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவர் வாப்பாவின் காலத்தில் படம் பார்ப்பது எளிதான காரியம் அன்று. படமாளிகை இருந்தது திருகோணமலைப் பட்டினத்தில். கிண்ணியாத் துறையில் நீரைப் ‘பாதை’ ஏறியே கடக்க வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான். அதுவரையில், படம் பார்க்கப் போகிறவர் சீட்டுக் காசோடு பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தையும், திரும்பி வரும் கவலையையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டே புறப்பட வேண்டியிருந்தது.

இத்தனை சிரமப்பட்டுப் பார்த்துவிட்டு வந்தவரை வீட்டார் சும்மா விடுவதில்லை. வர இயலாத உம்மாவும், வயது போதாத தம்பிமாரும் சூழ்ந்துகொண்டு, “கதையைச் சொல்லுங்க காக்கா” என்று கேட்பர். சினிமாவை விரும்பாத பெரியவர் ஒருவரும் சற்றுத் தள்ளி அமர்ந்து, கேளாதவர் போலக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் எல்லோருக்கும் நடுவில் அந்தக் கதையைக் கூச்சமின்றிச் சொல்ல முடியுமா? சொன்னால் சிரிப்பு வருமா? கேட்கும் சிறுவரின் கண் விரியுமா? இதுவே அந்த ரசிகரின் முதல் அளவுகோல். திரும்பச் சொல்லத்தக்க படமே நல்ல படம் என்பது அவர் கட்சி. கேட்பதற்கு எளிமையான கருத்துத்தான். ஆனால், பல படங்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

நகைச்சுவையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி, ஏவி. மெய்யப்பன் 1941இல் வெளியிட்ட ‘சபாபதி’ தமிழின் ஆரம்பகால முழுநீள நகைச்சுவைப் படங்களில் தலைசிறந்தது. அசட்டுச் செல்வந்தப் பிள்ளையாக டி. ஆர். ராமச்சந்திரனும், அவனுக்குச் சற்றும் சளைக்காத வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். எசமானுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். அசட்டுத்தனம் ஏழைக்கு மட்டும் உரியதன்று, செல்வம் அதனைப் போக்கிவிடுவதும் இல்லை என்பது ஒரு பிரசங்கமும் இல்லாமலே விளங்கிவிடுகிறது. 

1959இல் சிறீதரின் ‘கல்யாணப் பரிசு’ வந்தது. கண்ணீர்க் கதையான அப்படத்தில் சிரிப்புக்குப் பொறுப்பேற்றவர் கே. ஏ. தங்கவேலு. வேலையில்லாத ஒருவன், தனக்குப் பெரிய உத்தியோகம் உண்டென்றும், தான் பைரவன் என்ற பேர்பெற்ற எழுத்தாளன் என்றும் மனைவியிடம் புளுகுகிறான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டியிருக்கிறது. வேலையின்றி வீட்டுக்குத் திரும்பும் ஆண்மகனின் வெட்கம் எந்த ஊருக்கும் பொதுவானது. குறிஞ்சாக்கேணி ரசிகரும் அந்த வெட்கத்தை அறிவார். அதனால் அவர் அங்கே சிரிக்கும்போது தங்கவேலுவைப் பார்த்து மட்டும் சிரிப்பதில்லை. தம்மையும் சேர்த்தே சிரிக்கிறார்.

அதே சிறீதர் 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ என்ற வண்ணப்படத்தைத் தந்தார். படமெடுக்கும் பைத்தியம் பிடித்த செல்லப்பாவாக நாகேஷ், பணக்காரத் தந்தையாக டி. எஸ். பாலையா. மகன் தான் எடுக்கப்போகும் பேய்க்கதையைச் சொல்லச் சொல்ல, தந்தையின் முகத்தில் பயம் படிப்படியாக ஏறும் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. அக்காட்சியில் அடிதடி இல்லை. ஒருவரை ஒருவர் இழித்துரைக்கும் வார்த்தை இல்லை. இருப்பதெல்லாம் கதை சொல்லும் ஒருவரும், கதை கேட்கும் ஒருவரும் மாத்திரமே. படம் பார்த்து வந்து வீட்டில் கதை சொல்லிப் பழகிய நம் ரசிகருக்கு இதைக்காட்டிலும் நெருக்கமான காட்சி வேறு எதுவாக இருக்கக்கூடும்?

இந்த மூன்று படங்களையும் ஒப்பிட்டால் ரசிகரின் இரண்டாவது அளவுகோல் தெளிவாகும். சிரிப்பு யாருடைய செலவில் வாங்கப்படுகிறது என்று அவர் பார்க்கிறார். திக்கிப் பேசுபவனைத் திக்கவைத்தும், கறுத்தவளைக் கறுப்பி என்றும், பருத்தவனைப் பருமன் என்றும் சொல்லி எழுப்பப்படும் சிரிப்பு தமிழ்த் திரையில் நெடுங்காலமாக உண்டு. படமாளிகையின் இருளில் அதற்கும் கைதட்டல் கிடைக்கும். ஆயின், வீட்டில் அதே நகைச்சுவையைத் திரும்பச் சொல்ல முற்படும்போது, எதிரே திக்குவாய்ப் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்குமானால் நாக்கு எழுவதில்லை. இருளில் சிரித்ததை வெளிச்சத்தில் சொல்ல முடியாது போகிறது. பசித்தவன் தன் சப்பாத்தையே வேகவைத்து, விருந்துண்பவனைப் போல உண்ணும் காட்சியை 1925இல் வந்த தம் ‘தங்க வேட்டை’ப் படத்தில் சார்லி சாப்ளின் காட்டினார். அங்கே நகைக்கப்படுவது பசித்தவனது ஏழ்மை அன்று. ஏழ்மையிலும் அவன் கைவிடாத மரியாதை. உலகெங்கும் அக்காட்சியைத் திரும்பச் சொல்ல எவரும் கூசியதில்லை.

இனி, இலங்கை நேயர்களுக்கு மிக உரிமையான ஒரு படத்துக்கு வருவோம். அது வானொலியிலே பிறந்த படம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் ஒலித்துப் பெரும் புகழ் பெற்றது. அது 1976இல் எஸ். ராமநாதனின் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைக்கு வந்தது. பாதை ஏறிப் பட்டினம் போக வசதியற்ற வீட்டுக்கும் வானொலிப் பெட்டி வழியாகச் சிரிப்பு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. காதால் அறிந்த கோமாளிகளைக் கண்ணாற் காண்பதற்காகவே பலர் படமாளிகைக்குச் சென்றனர்.

அந்த நாடகத்தின் தனிச்சிறப்பு அதன் பேச்சு. மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழைப் பேசுவார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசுவார். ஐயர் பிராமணர் பேச்சைப் பேசுவார். இவர்களுள் மரிக்காராக வந்தவர் எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக வந்தவர் ரி. ராஜகோபால், உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன், ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். பெயர்களைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். மரிக்காரின் தமிழைப் பேசியவர் ராம்தாஸ். ஐயரின் தமிழைப் பேசியவர் அப்துல் ஹமீத். ஒருவர் வீட்டுப் பேச்சை மற்றொருவர் எடுத்து அன்போடு பேசிக் காட்டினார். ‘மரிக்கார்’ ராம்தாஸ், ‘உபாலி’ செல்வசேகரன் என்று, ஏற்ற வேடமே அவர்களுக்கு அடைமொழியாக நிலைத்துவிட்டது.

ஒருவரது பேச்சைக் கண்டு சிரிப்பது அவரைப் புண்படுத்தாதா என்ற வினா இங்கே எழும். நியாயமான வினாதான். குறிஞ்சாக்கேணியில் தாயை உம்மா என்றும், தமக்கையை ராத்தா என்றும் அழைப்பர். அந்தச் சொற்கள் திரையில் வேடிக்கைப் பொருளாவதை அங்குள்ளோர் விரும்புவார்களா? இதற்கு நம் ரசிகர் தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு படத்தில் எல்லோரும் ஏட்டுத் தமிழோ நகரத் தமிழோ பேச, ஒருவர் மட்டும் தம் ஊர்த் தமிழைப் பேசி, அவரைச் சுற்றி நின்று அனைவரும் நகைத்தால், அது ஏளனம். நால்வரும் நால்வகைத் தமிழ் பேச, நால்வரும் மாறி மாறி அகப்பட்டு விழித்தால், அது விளையாட்டு. விளையாட்டில் எல்லோருக்கும் முறை வரும். ‘கோமாளிகள்’ படத்தில் எவருடைய பேச்சும் அளவுகோலாக உயர்த்தி வைக்கப்படவில்லை. ஆதலால் எவருடைய பேச்சும் தாழவும் இல்லை.

இதனோடு ஒப்பிட வேறொரு படமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசும் அகதியாகத் தோன்றினார். அந்தப் பேச்சுப் பயிற்சியில் அவருக்கு உதவியவர் அதே அப்துல் ஹமீத் என்பது குறிப்பிடத்தக்கது. கதாநாயகனுக்கு எதைக் கண்டாலும் அச்சம். அந்த அச்சமே படத்தின் சிரிப்பு. போர் தந்த அச்சம் அது என்பதையும் படம் ஓரிடத்தில் உரைக்கிறது. அந்த இடத்தில் சிரிப்பு நின்று நெஞ்சு கனக்கிறது. ஆயினும் படம் முழுவதிலும் அந்தத் தமிழ் பெரிதும் அவர் ஒருவருக்கே உரியதாய் நிற்கிறது. இலங்கை ரசிகர் அதை ரசிக்கவும் செய்தார். உள்ளுக்குள் சற்றே நெளியவும் செய்தார். அந்த நெளிவுக்குக் காரணம் நடிப்பின் குறையன்று. தம் பேச்சு துணையின்றித் தனித்து நின்றது என்ற உணர்வே காரணம்.

இனி, வீரசாகசப் படங்கள்.

குடும்பத்தோடு பார்க்கத்தக்க சாகசக் கதைக்குத் தமிழ்த் திரையில் பஞ்சமில்லை. ஜெமினி வாசனின் ‘சந்திரலேகா’ 1948இல் வந்தது. பெரும் முரசுகளின் மீது பெண்கள் ஆட, ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து போர்வீரர்கள் வெளிப்படும் காட்சி இந்தியா முழுவதையும் வியக்கவைத்தது. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அரபுநாட்டுக் கதையைச் சிறுவயதிலேயே செவிவழி கேட்டிருந்த கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பங்களுக்கு, எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த அப்படம் முன்பின் அறியாத ஒன்றன்று. 

1957இல் வந்த ‘மாயா பஜார்’ சிரிப்பையும் சாகசத்தையும் ஒரே பாத்திரத்தில் பரிமாறியது. கடோற்கசனாக எஸ். வி. ரங்காராவ் கலியாண விருந்து முழுவதையும் தனியே உண்டு தீர்க்கிறார். அவர் மணப்பெண் வத்சலாவின் உருவை எடுக்கும்போது, பெண்ணின் உடலில் அரக்கனின் மிடுக்கைச் சாவித்திரி காட்டும் நடிப்பு, குழந்தைக்கும் விளங்கும்; கிழவருக்கும் இனிக்கும். இராமாயண பாரதக் கதைகளை அறியாத வீட்டாருக்கும் அந்தக் காட்சியைத் திரும்பச் சொல்ல வியாக்கியானம் தேவையில்லை.

1965இல் பி. ஆர். பந்துலு ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை அளித்தார். வைத்தியன் ஒருவன் குற்றமின்றித் தண்டிக்கப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கப்பலேறி, கடற்கொள்ளைக்காரரிடையே சிக்கி, ஈற்றில் விடுதலை பெறும் கதை. சபாட்டினி எழுதிய ‘கப்டன் பிளட்’ என்ற ஆங்கிலக் கதையின் சாயல் அதில் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் வாழ்பவர்க்குக் கப்பல் புதிதன்று. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை அங்கே இருந்தது. மெய்யான போர்க்கப்பல்களைக் கரையிலிருந்தே கண்டவர்கள் அப்பகுதி மக்கள். ஆகவே திரையிற் காணும் கப்பலை அவர்கள் அவ்வளவு இலகுவில் நம்பிவிட மாட்டார்கள். பாய்மரம் அசையும் திசைக்கும் அலை அடிக்கும் திசைக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்கும் கண் அது. அப்படிப் பார்த்துக் குறை கண்டபோதும் அவர்கள் அந்தப் படத்தை விரும்பினார்கள். அடிமைகளின் தலைவன் வாளைக்காட்டிலும் வைத்தியத்தையும் யோசனையையும் நம்பினான் என்பதே காரணம்.

அதே ஆண்டில் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ வேறு வகையான சாகசம். பிரிந்து வாழும் தாய் தந்தையரை, இரட்டைப் பிறவிகளான இரு சிறுமியர் இடம் மாறிச் சென்று ஒன்று சேர்க்கும் கதை. இரு வேடத்தையும் ஏற்றவர் குட்டி பத்மினி. ஜேர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னரின் சிறுவர் நாவலில் பிறந்து, அமெரிக்கப் படமாகி, பின்னர் தமிழுக்கு வந்த கதை அது. வாள் இல்லை, கப்பல் இல்லை, பூதம் இல்லை. எனினும் இரு சிறுமியர் வேற்று வீட்டின் வாசற்படியை மிதிக்கும்போது, பார்ப்பவர் நெஞ்சு படபடக்கிறது. பெரியவர் செய்யத் தவறியதைச் சிறுவர் செய்து முடிக்கிறார்கள். நம் ரசிகரின் பிள்ளைகள் மிகுதியும் விரும்பிக் கேட்பது இத்தகைய கதையையே.

சாகசப் படத்துக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. ஆபத்து மெய்யானதாகத் தோன்ற வேண்டும். அதிலிருந்து தப்புவது தற்செயலால் அன்றிப் புத்தியால் நிகழ வேண்டும். தப்பியவர் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்க வேண்டும். இவற்றுள் முதலாவதை அவர் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் பாலம் அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை நீரில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். திரையில் கதாநாயகன் புயலில் குதித்து ஒருத்தியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தலைமயிர் கலையாமல் கரையேறும்போது, ஏனைய ஊர்களில் கைதட்டல் எழலாம். அந்த ஊரில் எழாது. தண்ணீர் எத்தகையது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சாகசக் கதை வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. முன்னிலும் அதிகமாக வேண்டும். ஆனால் ஆபத்தைப் பொம்மையாக்கும் கதை வேண்டாம். நீருக்கு அஞ்சிய பிள்ளை ஒன்று, அச்சத்தோடேயே, துணையோடும் யோசனையோடும் நீரைக் கடக்கும் கதை வருமாயின், அதனை அவர்கள் பத்து முறை பார்ப்பார்கள்.

அத்தகைய கதைகளை இலங்கையிலேயே எடுக்கலாகாதா என்ற கேள்வி இயல்பாக எழும். முயன்றவர்கள் உண்டு. இலங்கையின் முதல் தமிழ்ப் படமாகிய ‘சமுதாயம்’ 1962இல் வந்தது. அடுத்த ஆண்டில் ‘தோட்டக்காரி’ வந்தது. ‘கோமாளிகள்’ குழுவினர் நடித்த ‘ஏமாளிகள்’ 1978இல் வந்தது. அதே ஆண்டில் திருகோணமலைக் கலைஞரின் முயற்சியால் ‘தென்றலும் புயலும்’ என்ற படமும் வெளியாயிற்று. தென்னிந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்த எழுபதுகளில் இவற்றுக்குச் சற்று இடம் கிடைத்தது. பின்னர் 1983 யூலையில் நிகழ்ந்த வன்செயலில் படமாளிகைகள் பல எரிந்தன; ஹெந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையானது. அவற்றோடு படச்சுருள்களும் அழிந்தன. ஒரு தலைமுறை சிரித்த சிரிப்பின் சான்றுகள் பல சாம்பலாயின. தொடர்ந்து வந்த நீண்ட போர்க்காலத்தில், படமாளிகை சென்று இரவில் வீடு திரும்புவதே பலருக்கு நினைக்க முடியாத சாகசமாயிற்று.

இன்று நிலைமை வேறு. படம் பார்க்கப் பட்டினம் போகவேண்டியதில்லை. கைத்தொலைபேசிக்குள்ளேயே உலகத்துப் படங்களெல்லாம் வந்து காத்திருக்கின்றன. வசதி பெருகியது நன்றே. ஆனால், வீட்டில் ஐவர் இருந்தால் ஐவரும் ஐந்து படங்களைத் தனித்தனியே பார்க்கின்றனர். பார்த்ததை மற்றவர்க்குச் சொல்ல வேண்டிய தேவை அருகிவிட்டது. திரும்பச் சொல்லும் வழக்கம் குறையும்போது, திரும்பச் சொல்லத்தக்கதா என்று நிறுத்துப் பார்க்கும் தராசும் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கிறது. நம் ரசிகரின் கவலை இதுவே. படங்கள் கெட்டுவிட்டன என்று அவர் புலம்புவதில்லை. 2009இல் வந்த ‘பசங்க’, 2015இல் திரையரங்குக்கு வந்த ‘காக்கா முட்டை’ போன்ற படங்கள் சிறுவரின் சிரிப்பையும் துணிவையும் மரியாதையோடு காட்டியதை அவர் மனமுவந்து பாராட்டுகிறார். சேரியில் வாழும் இரு சகோதரர் ஒரு பிட்சாத் துண்டுக்காகச் செய்யும் முயற்சி, கன்னித்தீவுப் பயணத்துக்குக் குறைந்த சாகசமன்று என்பது அவர் கருத்து.

நேயர்களே, அந்த ரசிகர் சினிமாக் கலையைப் பற்றிய நூல் எதையும் கற்றவரல்லர். எனினும் அவர் தராசில் ஏறிய படங்களைப் பாருங்கள். காலம் தெரிந்தெடுத்த படங்களும் பெரும்பாலும் அவையாகவே இருக்கின்றன. பலரும் கூடி அமர்ந்திருக்கும் இடத்தில், எவர் மனமும் நோகாமல் சிரிக்கவைத்தல் எளிதன்று. அச்சத்தை மறைக்காமல் துணிவை ஊட்டுதலும் எளிதன்று. இவ்விரண்டையும் செய்பவரைக் கலைஞர் என்று அழைப்பதற்கு அவர் வேறு எவருடைய அனுமதியையும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்த முறை ஒரு படம் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். முடிந்ததும், அதைப் பார்க்காத ஒருவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் உயர்கிறது, எந்த இடத்தில் நாக்குத் தயங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும். படத்தின் தரம் அங்கேயே விளங்கிவிடும்.